திரைக்கு வெளியே நின்று பார்த்த முழங்கால்

முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்று யாராவது உங்களிடம் வந்தால், உடனே குனிந்து அதைப் பிடித்துவிடாதீர்கள். நோகிற இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைதான். அதிலும் கடைசி வருடம் பாதி நாள் அந்தப் பக்கமே போகவில்லை. செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் நிலம் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். பார்த்துப் பார்த்து ஊன்றுகோல் செய்யப் பழகினேன். பிறகு வைத்தியர்களுக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். கடைசியில் தீவுப்பகுதிக்குக் களப்பணியாளன் என்று என்னையே போட்டார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரை என் கை படாத முழங்கால் குறைவு. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

நீங்கள் இந்த வேலைக்குச் சான்றிதழோடு வந்திருக்கிறீர்கள். எலும்புகளின் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரியும். நல்லது. அந்தப் பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

மண்டைதீவில் வீடு வீடாக மாபிள் பதிக்கிற ஒருவர் இருந்தார். விரலைக் கொண்டுபோய் முழங்காற் சிரட்டைக்கு நேர் மேலே வைத்தார். அங்கே அவித்த முட்டை அளவில் ஒரு வீக்கம். நாள் முழுவதும் முழந்தாளில் நின்று வேலை செய்கிறவருக்குத் தோலுக்கும் சிரட்டைக்கும் நடுவில் நீர் கட்டும். சூடும் சிவப்பும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை ஒன்றைக் கட்டிவிட்டேன். கொஞ்ச நாளில் வற்றிவிட்டது. நாரந்தனையில் கரப்பந்து ஆடுகிற ஒரு பெடியன். அவன் விரல் சிரட்டைக்குக் கீழே, தசைநாரில் போய் நின்றது. பாய்ந்து பாய்ந்து இழுபட்ட நார். புளியங்கூடலில் ஒரு ஆசிரியை. அவரின் விரல் ஓரிடத்தில் நில்லாமல் சிரட்டையைச் சுற்றி வட்டம் போட்டது. படி இறங்கினால் நோகும், பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு இருந்தால் நோகும். தொடைக்குப் பலம் போதாமல் சிரட்டை தன் தடத்தில் ஓடவில்லை. தொடைக்கு வேலை கொடுத்ததும் அவர் ஒழுங்காகப் படி இறங்கினார்.

இப்படி, விரல் போய் நிற்கிற இடம் உங்களுக்குப் பாதி விடையைத் தந்துவிடும். விரல் வைக்க இடம் தெரியாமல் திணறுகிற ஆள் வந்தால்தான் நீங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். அதிலும் அந்த ஆள் வளருகிற பிள்ளையாக இருந்தால்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் ஒரு எலும்பு வைத்தியர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. முழங்கால் நோ என்று வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரையும் அவர் கட்டிலில் கிடத்தி முதலில் இடுப்பை மடக்கித்தான் பார்ப்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், நோ முழங்காலிலை. நீங்கள் ஏன் இடுப்போடை மினக்கெடுறியள்?"

"இரண்டுக்கும் போறது ஒரே நரம்படாப்பா. இடுப்பைக் கூப்பிட்டால் முழங்கால்தான் ஓம் எண்டு எழும்பி நிக்கும்" என்றார்.

அவர் பகிடி விடுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இனி நெடுந்தீவுக்கு வருகிறேன். ஆவணி மாதம், சோளகக் காற்று. ஒருவருடைய ஊன்றுகோலுக்கு அடி றப்பர் மாற்றிக் கொடுத்துவிட்டு, மத்தியானப் படகில் திரும்புகிற எண்ணத்தோடு வந்துகொண்டிருந்தேன். கல்வேலி ஓரத்தில் ஒருவர் எனக்காகவே காத்துக்கொண்டு நின்றார். மாடு வளர்த்துப் பிழைக்கிறவர். ஊரில் கண்ட பழக்கம்.

"அண்ணை, முழங்காலுக்குப் போடுற பட்டி ஒண்டு உங்களிட்டை இருக்குமே?"

"ஆருக்கு?"

"என்ர மூத்தவளுக்கு. பெரியபிள்ளை ஆகியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாமத்திய வீடு. மேடையிலை நிக்க வேணும். கால் கொஞ்சம் நொண்டுது."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும், பாப்பம்."

அவர் நெளிந்தார். "தண்ணி வாக்க முதல் ஆம்பிளையளின்ர கண்ணிலை படக்கூடாது. உங்களுக்குத் தெரியாததே. பட்டியைத் தாங்கோ அண்ணை, தாய் கட்டிவிடுவாள்."

பட்டி என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அவருக்கும் சந்தோசம், எனக்கும் படகு. நீங்களும் ஒருநாள் இந்த இடத்தில் நிற்பீர்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவது மிகவும் சுகமான வேலை. "கால் பாக்காமல் பட்டி குடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு அவருடைய வளவுக்குள் நடந்தேன்.

முற்றத்தில் பந்தல் போட்டு முடிந்திருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றவர் பிள்ளையின் தாய்மாமன். லண்டனிலிருந்து லீவு எடுத்து வந்தவர். பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் அவர்தான். அவருடைய லீவுக்கு ஏற்றபடிதான் நாளே வைத்திருந்தார்கள். பிள்ளை உள் அறையில். வாசலில் பூப்போட்ட திரை. திரையைப் பிடித்துக்கொண்டு தாய் நின்றாள்.

"நான் உள்ளுக்கை வரேல்லை தங்கச்சி" என்றேன். "இதிலை நிண்டே கேக்கிறன். பிள்ளை, நோகிற இடத்தை ஒரு விரலாலை அம்மாவுக்குக் காட்டு."

தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள். "விரல் வைக்கிறாளில்லை அண்ணை. முழங்காலிலையிருந்து தொடைவரைக்கும் உள்ளங்கையாலை தடவிக் காட்டுறாள்."

"ஒரு இடத்தைச் சொல்லு பிள்ளை."

"முன்னுக்குத்தான்" என்றது ஒரு குரல். நல்ல துணிச்சலான குரல். "ஆனால் இதுதான் இடம் எண்டு சொல்லத் தெரியேல்லை. உள்ளுக்கை நோகுது."

"எப்ப தொடங்கினது?"

தாய் முந்திக்கொண்டாள். "அறையிலை இருத்தினாப் பிறகு. ஒரே இடத்திலை இருந்து நரம்பு பிடிச்சுப் போட்டுது. நானும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் இருக்கிறன்."

"இல்லை, அதுக்கு முதலே!" என்றது குரல். "பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஓடேக்கையே நொந்தது. சொன்னனான். படம் ஒண்டு எடுத்தாப் பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை."

"சும்மா இரடி."

தகப்பன் அலுமாரிக்கு மேலிருந்து எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து வந்தார். அவளை அறையில் இருத்த முதல், டவுனுக்குப் போனபோது எடுத்ததாம். முழங்கால் படம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எடுத்தவர்கள் கேட்டதைச் சரியாக எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள்தான் முழங்காலோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே பாவாடையை உயர்த்தவோ உயர்த்தச் சொல்லவோ ஒருவருக்கும் மனம் வந்திராது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு நோ வந்தால் முழங்காலோடு எல்லை போட்டுவிடுவோம். நீங்களும் போடுவீர்கள், பாருங்கள்.

"பிள்ளை மெலிஞ்ச ஆளோ, மொத்தமோ?" என்று கேட்டேன்.

மாமன் சிரித்தார். "முதலே குண்டு. இப்ப உளுத்தங்களியும் முட்டையும் தீத்தித் தீத்தி உருட்டி வைச்சிருக்கினம்."

"மாமா! எனக்குக் கேக்குது!" என்றது திரை.

அந்த நேரம் பிள்ளையைக் குளிக்கக் கூட்டிப் போக வேண்டும் என்று தாய் சொன்னாள். கிணற்றடியில் கிடுகால் மறைப்புக் கட்டியிருந்தது. முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பி நிற்கச் சொன்னார்கள். தகப்பன் வேலியைப் பார்த்துத் திரும்பினார், மாமன் பந்தல் காலைப் பார்த்துத் திரும்பினார். நானும் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் நடை கேட்டது. ஒரு அடி அழுத்தமாக, மற்றது அவசரமாக.

மறைப்புக்குள் போனதும் நான் திரும்பி நிலத்தைப் பார்த்தேன். காலையில் கூட்டிய வெள்ளை மணல். தாயின் அடிகள் ஒரு பக்கம். பிள்ளையின் அடிகள் மறுபக்கம். வலது பாதம் நேரே கிணற்றைப் பார்த்தது. இடது பாதம் ஒவ்வொரு அடியிலும் வெளியே, வேலியைப் பார்த்துக்கொண்டு போயிருந்தது. முழங்காலில் மட்டும் நோ என்றால் கால் முழுவதும் ஏன் திரும்ப வேண்டும்? குந்தியிருந்து பார்த்தேன்.

"என்ன, எதையும் துலைச்சுப் போட்டீரோ?" என்றார் மாமன்.

"இன்னும் துலையேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு அவளை நடக்கவிட எனக்கு விருப்பமில்லை. குளித்து முடிந்ததும் தாயும் அயல்வீட்டுப் பெண் ஒருத்தியும் கதிரையில் இருத்தித் தூக்கி வந்தார்கள். கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, போர்வையால் மூடச் சொன்னேன். நான் திரைக்கு இந்தப் பக்கம். என் கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பழக்கமில்லாத நிலை.

"தங்கச்சி, முதல் வலது காலை. முழங்காலை மடக்கி மெதுவா நெஞ்சுப் பக்கம் கொண்டுபோங்கோ. போர்வை அப்பிடியே கிடக்கட்டும்."

"வருது அண்ணை."

"முழங்கால் எந்தப் பக்கம் பாக்குது?"

"நேர தோளைப் பாக்குது."

"வைச்சிடுங்கோ. இனி இடது. மெதுவா. நோகுது எண்டால் உடனை நிப்பாட்டுங்கோ."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தாயின் குரல், முந்திய குரல் இல்லை.

"அண்ணை, இது நேரா வருகுதில்லை. மடக்க மடக்க வெளியாலை விழுகுது."

"நேராக்கப் பாருங்கோ. பலவந்தம் பண்ண வேண்டாம்."

"ஏலாது அண்ணை. துருப்பிடிச்ச கதவுப் பிணைச்சல் மாதிரி நிக்குது. விட்டால் தன்ர பாட்டிலை வெளியாலை போகுது."

"போதும். காலை மெதுவா வையுங்கோ."

எனக்கு அது போதும். இடுப்புக் குழிக்குள் இருக்கிற தொடை எலும்பின் தலை ஒரு பந்து. வளருகிற பிள்ளைகளில் அந்தப் பந்து எலும்போடு இன்னும் இறுகியிருக்காது. சிலருக்கு, அதிலும் பாரமான பிள்ளைகளுக்கு, அது மெல்ல மெல்ல வழுகத் தொடங்கும். நோ முழங்காலில் தெரியும், கால் வெளியே திரும்பும். அப்படியே நடந்து திரிவார்கள். ஒருநாள் தடக்கி விழுந்தால், ஒரு படி பிழையாக இறங்கினால், பந்து ஒரேயடியாகக் கழன்றுபோகலாம். கழன்றால் அதற்கு ஓடுகிற இரத்தம் நின்றுபோகலாம். பிறகு அந்த இடுப்பு வாழ்நாள் முழுக்க அவளுக்குச் சரிவராது.

வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கேள்வி கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா, விழுந்தாளா, தானாக நடக்கிறாளா. நான் சொன்னேன்.

"நடக்கிறாளெண்டால் இனி நடக்கவேண்டாம். ஒரு அடிகூட. இண்டைக்கே கொண்டு வா. இடுப்பைப் படம் பிடிச்சால்தான் சொல்லலாம். நீ நினைக்கிறது பிழையாயும் இருக்கும். அதுக்காகப் பிள்ளையை நிலத்திலை விட்டுடாதை. இஞ்சாலைக் கரையிலை, குறிகட்டுவான் துறையிலை அம்புலன்ஸ் நிக்கும்."

நான் விசயத்தைச் சொன்னதும் மாமன் கதிரை அடுக்குவதை நிறுத்தினார்.

"ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். திங்கள் விடியக் கூட்டிப் போவம்."

"ஞாயிற்றுக்கிழமை அவள் மேடை ஏற வேணும். சீலையோடை படி ஏற வேணும்."

"நீர் என்ன படிச்சனீர்?"

"எட்டாம் வகுப்பு."

"எட்டாம் வகுப்பு! அவளின்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை. மணலைப் பாத்துப்போட்டு இடுப்பு வழுகுது எண்டுறீர். சொந்தக்காரர் ஆகாயத்திலை வந்துகொண்டிருக்கினம். இது பிழையெண்டால்?"

"பிழையெண்டால் சாமத்திய வீட்டை இன்னொரு நாள் வைக்கலாம். என்னை ஊருக்குள்ளை விடாமல் அடிச்சுக் கலைக்கலாம். சரியெண்டால், அந்த இடுப்புக்கு இன்னொரு நாள் இல்லை."

இந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. உள்ளுக்குள் எனக்கும் உறுதி இல்லை. திரைக்கு வெளியே நின்று, இன்னொருவர் கையால் பிடித்துப் பார்த்த கால் அது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்: உறுதி வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று இருந்தால் இந்தத் தொழிலில் நீங்கள் வாயே திறக்கமாட்டீர்கள். எந்தப் பிழையைத் திருத்தலாம், எதைத் திருத்த ஏலாது என்று பார்த்துப் பேச வேண்டும்.

தகப்பன் மைத்துனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரையை விலக்கிக்கொண்டு தாய் வெளியே வந்தாள். கைகளைத் தன் சட்டையில் துடைத்தபடி நின்றாள். அந்தக் கைகளில் எண்ணெய் இருந்தது.

"அண்ணை" என்றாள். என்னை இல்லை, தமையனை. "என்ர கையாலை பிடிச்சனான். அந்தக் கால் நேரா வரமாட்டனெண்டுது. நான் கொண்டு போறன். நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டி இருங்கோ."

மாமன் கையிலிருந்த கதிரையை அடுக்கில் வைக்காமல் எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனார்.

லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் மெத்தை விரித்தோம். தொடைக்குப் பக்கத்தில் தலையணை அணைத்தோம். தாய் ஒரு சால்வையால் பிள்ளையின் தலையையும் முகத்தையும் மூடிவிட்டாள். வழி முழுவதும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஓட்டுகிறவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

துறையில் சோளகம் நின்று அடித்தது. படகு ஏறி ஏறி இறங்கியது. மேலே வரும்போது துறையோடு சமமாக வரும், கீழே போனால் ஒரு ஆளின் இடுப்பளவு பள்ளம். எல்லாரும் அலை பார்த்து ஒரு எட்டில் பாய்ந்துதான் ஏறுவார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்த எட்டைத்தான் கொடுக்கக்கூடாது. மாமன் சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். அவளைக் கதிரையோடு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் தகப்பனும் தூக்கினார்கள். கீழே படகில் நின்று வாங்க ஆள் வேண்டும்.

காற்று சால்வையைப் பிடுங்கியது. பிள்ளையின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், சாமத்திய வீட்டுப் பிள்ளை என்று அறிந்திருந்த துறைச் சனம் முழுவதும், படகோட்டி, சாமான் ஏற்றுகிறவர்கள் எல்லாரும், மரியாதையாகக் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். கதிரை இரண்டு பேரின் கையில், அந்தரத்தில்.

"திரும்பாதேங்கோ!" என்று மாமன் கத்தினார். "ஐயோ, இஞ்சை பாருங்கோ! பிள்ளையைப் பிடியுங்கோ!"

ஒருவர் திரும்பினார். பிறகு எல்லாரும் திரும்பினார்கள். எத்தனை கை வந்தது என்று தெரியாது. படகு மேலே வந்த ஒரு கணத்தில் கதிரை ஒரு தட்டும் இல்லாமல் உள்ளே போய் இருந்தது. நான் துறையில் நின்று, "கால், கால், இடது கால்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முழு வேலையும் அன்றைக்கு வாயால்தான்.

படம் பிடித்தார்கள். பந்து வழுகத்தான் செய்திருந்தது. முழுதாக இல்லை. இனி வழுகாமல் உலோக ஆணி ஒன்று வைத்து நிறுத்தினார்கள். மற்ற இடுப்புக்கும் வரலாம் என்பதால் அதையும் கண்காணித்தார்கள். ஊன்றுகோல் நான் செய்தது. வேறு யாரும் செய்ய நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தல் வெறுமையாக நின்றது. அடுத்த வருடம் மாமன் மறுபடி லீவு எடுத்து வந்து தண்ணீர் வார்த்தார்.

கண்டுபிடித்தது நான்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் பிடித்துப் பார்த்தது தாயின் கை. என் வார்த்தையை நம்பி அவள் புறப்படவில்லை, தன் கையில் பட்டதை நம்பித்தான் புறப்பட்டாள். உங்கள் கை போக முடியாத வீடுகள் உங்களுக்கும் வரும். அங்கே சண்டை பிடிக்காதீர்கள், விட்டுவிட்டும் வராதீர்கள். அந்த வீட்டிலேயே ஒரு கையைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுகிற வருடம் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனேன். படலை திறந்திருந்தது. முற்றம் கூட்டிக் கிடந்தது. பழக்கதோசம், கண் முதலில் மணலுக்குப் போனது. வலது பாதம் நேரே. இடது பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே பார்க்கிறது. அது அப்படித்தான் இருக்கும். ஆணி வைத்தது வழுகினதை அந்த இடத்தில் நிறுத்தத்தான், திருப்பி ஏற்ற இல்லை. சைக்கிள் ஓடியும் எண்ணெய் தடவியும் போன மாதங்கள் அந்தச் சரிவில் இருந்தன. ஆனால் அடிகள் ஒரே அழுத்தம், ஒரே நீளம். குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஐயா, இன்னும் நிலத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்றது அந்தக் குரல். "நான் இஞ்சை நிக்கிறன்."